கூட்ஸ் வேகன் வெதரிங்: எந்தக் கோளாறுக்கு என்ன வைத்தியம்

மாடல் ரயில் வேகன நிஜ வண்டி மாதிரி பழசா, அழுக்கா, துருவா காட்டறதுதான் வெதரிங். அதுக்கு வீடியோ கொட்டிக் கிடக்கு, ஆனா அதுல பாதிப் பேரு காத்துல ஈரமே இல்லாத ஊர்ல உக்காந்து பண்றவங்க, அவங்க சொல்ற காயுற நேரம், ஸ்ப்ரே அடிக்கற நேரம் எதுவும் சிங்கப்பூர் தோ பாயோ புளோக்குல பதினாலாவது மாடில எடுபடாது. இங்க வர்ற கோளாறுல முக்கால்வாசி ரெண்டே காரணம்தான், ஒண்ணு காத்துல இருக்கற தண்ணி, இன்னொண்ணு ஒரு லேயர் மேல அதையே கரைக்கற இன்னொரு லேயரப் பூசறது. இத முதல்லேந்து படிக்கணும்னு இல்ல, உங்க வேகன்ல என்ன தெரியுதோ நேரா அங்க போங்க. எச்ஓ (HO) ஸ்கேல், அதாவது நிஜத்துல 87ல ஒரு பங்கு, 1:87, என் (N) ஸ்கேல் 1:160, ஜப்பான் என் ஸ்கேல் வண்டி 1:150, எல்லாத்துக்கும் பொருந்தும்.

ஆனா எத சரி பண்றதா இருந்தாலும் பட்ஸ் டெஸ்ட் ஒண்ணு பண்ணிடுங்க. வேகனக் கவுத்து, யாரும் பாக்காத அடிப்பக்கத்துல, காது குடையற பட்ஸ தண்ணில நனைச்சு லேசா தேயுங்க. வரலன்னா ஐபிஏ, அதான் மருந்துக் கடைல கிடைக்கற ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். அதுலயும் வரலன்னா ஒயிட் ஸ்பிரிட், அதான் எனாமல் பெயின்ட்டக் கரைக்கற தின்னர். தண்ணில வந்தா வெதரிங் பவுடரோ (நிறப் பொடி) வாட்டர்கலரோ கோவாஷோ (கெட்டியான வாட்டர்கலர்), ஐபிஏல வந்தா அனேகமா அக்ரிலிக், ஒயிட் ஸ்பிரிட்ல வந்தா எனாமலோ ஆயிலோ, எதுக்கும் அசையலன்னா லாக்கர் (படக்குனு காயற சால்வென்ட் பெயின்ட்) இல்லன்னா ரொம்ப நாள் காஞ்ச எனாமல். மேல போடறது கீழ இருக்கறதக் கரைக்கக்கூடாது, இதுல இருக்கற கெமிஸ்ட்ரி அவ்வளவுதான். கம்பெனில அச்சடிச்ச நம்பர் மேல மட்டும் தேய்க்காதீங்க, சில வண்டில ஐபிஏ பட்டாலே எழுத்து போயிடும்.

மேட் ஸ்ப்ரே அடிச்சதும் வெள்ளையா பூத்துப் போச்சு

இங்க இதுதான் நம்பர் ஒன் புகார். மேட்னா கடைசில அடிக்கற, பளபளப்பு இல்லாம காயற க்ளியர் கோட். ஸ்ப்ரேல இருக்கற சால்வென்ட் படக்குனு ஆவியாகும்போது அந்த இடம் குளுந்து போயிடும், குளுந்த இடத்துல காத்துல இருக்கற ஈரம் பனியாப் படியும், அது லாக்கருக்குள்ள மாட்டிக்கும், அதான் அந்த வெள்ள. நம்மூர்ல வருஷ சராசரி ஈரப்பதமே 80 சதவீதத்துக்கு மேல, விடியறதுக்கு முன்னாடி 90ஐத் தாண்டிடும், மழை இல்லாத நாள்ல மத்தியானம் 60 வாக்குல இறங்கும். அதனால காலைல பசியாறிட்டு ஃப்ரெஷ்ஷா உக்காந்து ஸ்ப்ரே அடிக்கறதுதான் இருக்கறதுலயே மோசமான நேரம். ரெண்டுலேந்து நாலு மணிக்குள்ள, வெயில் அடிக்கற நாளாப் பாத்து அடிங்க. டிசம்பர் ஜனவரில மழை விடாம ஊத்துற வாரம்னா ஸ்ப்ரேவத் தொடவே வேணாம், அந்த வாரத்துக்கு வேற வேலை இருக்கு, சக்கரம் பெயின்ட் பண்ணுங்க.

இதுல பல பேரு கவனிக்காத விஷயம் ஏர்கான். ராத்திரி பூரா 22ல ஏர்கான் ஓடுன ரூம்லேந்து வேகன எடுத்து நேரா காரிடார்ல கொண்டு போயி அடிப்பாங்க. வெளிய காத்தோட பனிநிலை, அதாவது ஈரம் தண்ணியா மாறுற வெப்பநிலை, நம்மூர்ல பெரும்பாலும் 24 டிகிரி வாக்குல இருக்கும், வேகனோ 22ல இருக்கு, அப்போ வேகன் மேல கண்ணுக்குத் தெரியாத தண்ணிப் படலம் ஏற்கனவே உக்காந்தாச்சு, நீங்க அதுக்கு மேல லாக்கர் அடிக்கறீங்க. வேகனையும் ஸ்ப்ரே டப்பாவையும் அரை மணி நேரம் முன்னாடியே வெளிய வச்சிருங்க, அதுவே பாதிப் பிரச்சனையத் தீத்துடும். டப்பாவ வெதுவெதுன்னு இருக்கற தண்ணில கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சா ஸ்ப்ரேவும் சன்னமா வரும், கொதிக்கற தண்ணில வச்சிடாதீங்க, வெடிக்கும்.

சரி, ஏற்கனவே பூத்துட்டா? முதல்ல சும்மா விடுங்க. ஏர்கான் இல்லன்னா டீஹியூமிடிஃபையர் இருக்கற ரூம்ல ஒரு நாள் வச்சுட்டு பாருங்க, லேசா பூத்தது தானா போயிடறதும் உண்டு. போகலன்னா காஞ்ச மத்தியானத்துல அதே லாக்கர இன்னொரு தடவை, இந்தத் தடவை கொஞ்சம் ஈரமா அடிங்க, மேல் லேயர் திரும்ப இளகி உள்ள இருக்கற ஈரம் வெளிய போகும். ஏர்பிரஷ், அதான் காத்தழுத்தத்துல பெயின்ட் ஊதற கருவி, வச்சிருக்கறவங்க ரிட்டார்டர் (காயறத மெதுவாக்கற திரவம்) கலந்த லாக்கர் தின்னர மெல்லிசா ஒரு மூடுபனி மாதிரி ஊதுனா போதும், மெதுவா காயும், வெள்ளையும் தெளியும். ஏற்கனவே எனாமல் வாஷ் (ரொம்பத் தண்ணியா கரைச்ச பெயின்ட்) போட்டிருந்தா ரொம்ப நனைச்சிடாதீங்க.

இன்னொண்ணு, தொட்டுப் பாருங்க. சொரசொரன்னு மணல் காகிதம் மாதிரி இருந்தா, விரல்ல பொடி ஒட்டுனா, அது ஈரம் இல்ல. தூரத்துலேந்து அடிச்சு, காரிடார் காத்துல துளி நடுவழியிலயே காஞ்சு தூசியா வந்து விழுந்திருக்கு. மெத்துன பிரஷால தட்டி விட்டுட்டு 20, 25 சென்டிமீட்டர்லேந்து அடிங்க. காரிடார்ல அடிக்கறவங்க பக்கத்து வீட்ல துணி காயுதான்னு ஒரு பார்வை பாத்துக்கோங்க, அந்த ஆன்ட்டிகிட்ட பேச்சு வாங்கறதுக்கு எந்த வேகனும் வொர்த் இல்ல. அதுக்குன்னு ஜன்னல சாத்திட்டு ஏர்கான் ரூம்லயும் அடிக்காதீங்க, மாஸ்க் போடுங்க, சாதா துணி மாஸ்க் இல்ல, ஆர்கானிக் வேப்பர் ஃபில்டர் வச்சது.

ஸ்ப்ரே நல்லாத்தான் இருந்துச்சு, ஐபிஏ வாஷ் போட்டதும் வெளுத்துச்சு

இது ஈரம் இல்ல, ரியாக்ஷன். டல்கோட் மாதிரி லாக்கர் மேட் மேல ஐபிஏ கலந்த வாஷ் போட்டா அது அந்த மேட்டத் தாக்கி வெள்ளையா ஆக்கும். பயப்படாதீங்க, இன்னொரு கோட் அதே மேட் அடிச்சா பெரும்பாலும் மறைஞ்சிடும். வெயில்ல வெளுத்த பெயின்ட் வேணும்னு இதையே தெரிஞ்சே பண்றவங்களும் இருக்காங்க, கூரைக்கு நல்லாவே இருக்கும். வேணாம்னா லாக்கர் மேட் மேல ஐபிஏ கொண்டு போகாதீங்க, தண்ணி வாஷ் இல்லன்னா எனாமல் வாஷ்.

பவுடர் அழகா இருந்துச்சு, க்ளியர் அடிச்சதும் காணாமப் போச்சு

பவுடர் போகல, அங்கயேதான் இருக்கு. துகளுக்கு நடுவுல காத்து இருக்கற வரைக்கும் அது வெளிச்சத்தச் சிதறடிச்சு வெளிறித் தெரியும், லாக்கர் போயி அந்த இடைவெளிய அடைச்சதும் நிறம் உள்ள போயிடும். ரெண்டு வழி. க்ளியர மொதல்லயே அடிச்சு, அந்த மேட் சொரசொரப்பு மேல பவுடர் போட்டு அதோட நிறுத்திடறது, வேகனத் தொட்டா அடிப்பக்கம் மட்டும் தொடறது. இல்ல, தேவைக்கு டபுளா பவுடர் போட்டு, 30 சென்டிமீட்டர்லேந்து புகை மாதிரி லேசா அடிச்சு, திரும்ப பவுடர், திரும்ப புகை. நான் முதல் வழிதான் சொல்லுவேன், அடிக்கடி கையில எடுக்காத வண்டின்னா. பிக்மென்ட் பாட்டில் விலை அதிகமா தெரிஞ்சா பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் ஆர்ட் ஃப்ரெண்ட்ல சாஃப்ட் பேஸ்டல் குச்சி வாங்கி பிளேடால சுரண்டிக்கோங்க. ஆயில் பேஸ்டல் வாங்கிட்டு வந்துடாதீங்க, அது சுரண்டுனா பிசுபிசுன்னு உருளும்.

வாஷ் காஞ்சதும் வட்டம் வட்டமா கறை

தட்டையான பெரிய பக்கம் இருக்கற மூடு வேகன்லதான் இது வரும். நம்மூர்ல தண்ணி வாஷ் மெதுவா காயும், காயற வரைக்கும் நிறம் பூரா ஓரத்துக்கு நகரும், ஓரம்தான் வட்டம். வாஷ்ல ஒரு சொட்டு பாத்திரம் கழுவற சோப்பு, அடியில மேட்டுக்கு பதிலா அரைப் பளபளப்பான சாட்டின் கோட், அப்புறம் வேகனப் படுக்க வச்சு பூசாதீங்க, நிக்க வச்சே மேலேந்து கீழ பூசி, அரை ஈரமா இருக்கும்போது காஞ்ச தட்டை பிரஷால கீழ் நோக்கி இழுங்க. மழைத்தண்ணி எப்படி ஓடுமோ அப்படி. காஞ்சு போன வட்டத்த எனாமல்னா ஒயிட் ஸ்பிரிட்ல நனைச்சு திரும்ப இளக்கலாம், அக்ரிலிக்னா அதே நிறத்துல பவுடர் போட்டு மறைக்கறதுதான் சுலபம்.

துரு துருவாவே இல்ல, பொம்மைக்கு ஆரஞ்சு பூசுன மாதிரி இருக்கு

இத மட்டும் கொஞ்சம் நிதானமா படிங்க, ஏன்னா இது பெயின்ட் கோளாறு இல்ல, பாக்கறதுல இருக்கற கோளாறு. துருன்னதும் ஆரஞ்சு பாட்டிலத் தேடறோம், வேகன் முழுக்க அப்பறோம், கடைசில தைப்பூசக் காவடி மாதிரி வந்து நிக்குது. நிஜ வேகன்ல ஆரஞ்சு ரொம்பக் கொஞ்சம், அது புதுசா இப்பத்தான் பிடிச்ச துரு. பழைய துரு கருஞ்செம்பு, கிட்டத்தட்ட சாக்லேட். அப்புறம் நாம துருன்னு நெனைக்கற பாதி துருவே இல்ல: சக்கரத்தத் தாங்கற சட்டமான போகி மேல இருக்கற பிரவுன், வார்ப்பிரும்பு பிரேக் கட்டை தேஞ்சு பறந்த பொடியும் தண்டவாளப் புழுதியும் எண்ணெயும் சேர்ந்தது, அது மந்தமா, மண் நிறமா, எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கும்.

துரு எங்க ஆரம்பிக்கும்னு யோசிங்க. தண்ணி தேங்கற இடம். மூடு வேகன் கதவுக்கு கீழ கதவு உருள்றதுக்கு ஒரு தண்டு போகுது பாருங்க, அதுக்கு மேல தண்ணி நிக்கும், புழுதி நிக்கும், அங்கதான் பெயின்ட் முதல்ல உப்பும். ஏணிப்படியோட கடைசிப் படி, வெல்டிங் ஓரம், கூரைத் தகடு சேர்ற கோடு, அப்புறம் ஃபோர்க்லிஃப்ட் இடிச்ச வடு. நிலக்கரி மாதிரி சரக்கு ஏத்தற திறந்த வேகன்ல துரு உள்பக்கத்துலேந்து வெளிய வரும், பிரிட்டிஷ் 16 டன் மினரல் வேகன் படங்களப் பாருங்க, தகடு உள்ள அடிவாங்கி அடிவாங்கி வெளிப் பெயின்ட் தானா உதிரும்.

செய்யறது இப்படி: ஆயில் பெயின்ட் பர்ன்ட் அம்பர கொஞ்சம் அட்டைல பிதுக்கி ஒரு மணி நேரம் விடுங்க, எண்ணெய அட்டை உறிஞ்சிடும், அப்பத்தான் மேட்டா காயும். துரு வர்ற இடத்துல ஏதாவது ஒரு போல்ட்டுக்கு அடியில ஊசி முனையளவு புள்ளி. ஒயிட் ஸ்பிரிட்ல நனைச்சு டிஷ்யூல கிட்டத்தட்ட துடைச்செடுத்த பிரஷால புள்ளியோட கீழ் முனையத் தொட்டு கீழ இழுங்க, மேல கருப்பா ஆரம்பிச்சு கீழ போகப் போகக் கரைஞ்சு காணாமப் போகணும், கோடு நடுவுல வெட்டுன மாதிரி நின்னா திரும்ப இழுங்க. அது காஞ்சப்புறம் ஓரத்துல மட்டும் ரா சியன்னா ஒரு துளி. ஆயில் காய நாள் கணக்குல ஆகும், மறுநாளே க்ளியர் அடிக்காதீங்க.

அளவு: N ஸ்கேல்ல அரை மில்லி புள்ளின்னா நிஜத்துல 8 சென்டிமீட்டர். 1 மில்லின்னா 16, அதாவது உள்ளங்கை அகலத்தத் தாண்டின ஓட்டை. எச்ஓல அதே 1 மில்லி 8.7 சென்டிமீட்டர். எச்ஓ வீடியோவப் பாத்து N ஸ்கேல் வண்டில அதே பிரஷ் வச்சா துரு எல்லாம் ராட்சஸ சைஸ்ல வரும்.

எந்தத் தகடுன்னும் பாக்கணும். இந்தியன் பாக்ஸ்என் திறந்த வேகன் துருப்பிடிக்கும், ஆனா அதுக்கப்புறம் வந்த பாக்ஸ்என்எச்எல் உடம்பு ஸ்டெயின்லஸ் ஸ்டீல், அதுல பக்கமெல்லாம் ஆரஞ்சு துரு போட்டா தெரிஞ்சவன் சிரிப்பான், அங்க நிலக்கரிக் கருப்பும் கீறலும்தான். அமெரிக்கன் அலுமினிய நிலக்கரி வேகனும் அப்படியே. சிமென்ட் வேகன்ல மூடியச் சுத்தி சிந்துன சிமென்ட் மழைல இறுகி சாம்பல் கோடா கீழ இறங்கியிருக்கும். டேங்கர்ல நடு மூடிலேந்து வழிஞ்ச கறை, பெட்ரோலிய எண்ணெய்னா அந்தக் கறை மட்டும் பளபளன்னு இருக்கும், அதனால எல்லாம் முடிஞ்சு மேட் அடிச்சதுக்கப்புறம் அந்தக் கோட்டுல மட்டும் க்ளாஸ் தடவுங்க.

படத்தப் பாத்து பண்ணுங்க, அடுத்தவன் மாடலப் பாத்து பண்ணாதீங்க. தஞ்சோங் பகார் ஸ்டேஷன் 2011 ஜூன் 30ஓட மூடுனப்புறம் மலேசிய ரயில்வேயான கேடிஎம் வண்டி உட்லண்ட்ஸோட நின்னுடுது, இங்க சரக்கு வேகன் பாக்க வழியில்ல, ஜோகூர் பக்கம்தான் போகணும். கெம்பாஸ் பாருல பாசிர் கூடாங் துறைமுகத்துக்கு லைன் பிரியுது, பிளாட்ஃபார்ம்லேந்தே பாருங்க, யார்டுக்குள்ள போகாதீங்க. நம்ம பக்கத்து மண்ணு செம்மண், அதனால இந்தப் பக்கம் ஓடற வண்டிக்கு அடிப்பக்கம் செம்பழுப்பா இருக்கணும், டெசர்ட் வீடியோல காட்டற அந்த வெளிர் மணல் நிறம் இங்க செட் ஆகாது. ரொம்ப நாள் சைடிங்ல நிக்கற வேகனுக்கு நிழல் பக்கத்துல பாசி பிடிக்கும், மங்கலான ஆலிவ், மூலைல மட்டும்.

அழுக்கு இருக்கு, ஆனா அடியில வண்டி புதுசாவே தெரியுது

வெளுக்க வைக்காமலே அழுக்கு ஏத்திட்டீங்க. வேகன் நிறத்துலயே கொஞ்சம் வெள்ளையோ வெளிர் சாம்பலோ கலந்து ரொம்பத் தண்ணியா ஒரு கோட், கூரைல கூடுதலா, அதுக்கப்புறம்தான் துரு, புழுதி. இப்ப முடிச்சாச்சுன்னா வெளிர் சாம்பல் பவுடர கூரைலேந்து கீழ தட்டி ஓரளவு சமாளிக்கலாம்.

ஏர்பிரஷ்லேந்து திடீர்னு தண்ணிச் சொட்டு விழுந்துடுச்சு

கம்ப்ரெஸர் நம்ம காத்த இழுத்து அமுக்கும்போது ஈரம் தண்ணியா பிரிஞ்சு டேங்க்லயும் ஹோஸ்லயும் நிக்கும். வெளிநாட்டு மேனுவல்ல வாரத்துக்கு ஒரு தடவை டேங்க் தண்ணிய வடிச்சு விடுங்கன்னு இருந்தா நீங்க ஒவ்வொரு தடவை உக்காரும்போதும் வடிச்சு விடுங்க. ஈரத்தப் பிடிக்கற மாயிஸ்சர் ட்ராப்ப கம்ப்ரெஸர் பக்கத்துலயே மாட்டாம ஹோஸோட இந்தப் பக்கமும் ஒண்ணு மாட்டுனா நல்லது, காத்து ஹோஸ்ல போகும்போது ஆறி அங்கயும் தண்ணி விடும். சொட்டு விழுந்துட்டா தொடாதீங்க, டிஷ்யூ முனையால உறிஞ்சுங்க, தேச்சா பள்ளம்.

வாஷ் போட்டதுக்கப்புறம் பிளாஸ்டிக் விரிசல்

பெயின்ட் பூசாத ஏபிஎஸ் பிளாஸ்டிக்ல, அதுவும் க்ளிப் மாட்டி இறுக்கமா இருக்கற இடத்துல, எனாமல் லைனர் (இடுக்குல ஓட விடற வாஷ்) போயி உக்காந்தா தின்னர் பிளாஸ்டிக்க உடைக்கும். ஆக்குன விரிசல் ஆக்குனதுதான், பிளாஸ்டிக் சிமென்ட்ல ஒட்டிப் பாருங்க. இனிமே க்ளியர் ஒரு கோட் அடிச்சுட்டு, பாகத்த கழட்டி வச்சு பண்ணுங்க, அதிகமானத உடனே உறிஞ்சிடுங்க.

ஷெல்ஃப்ல வச்சது, சில மாசத்துல விரல் ரேகையும் வெள்ளப் பஞ்சும்

ரேகை நம்ம வியர்வை, மேட் மேல எண்ணெய் இறங்கிடும், நைட்ரைல் க்ளவ்ஸ் போடறத விட வேற மருந்து இல்ல. பஞ்சு மாதிரி வந்தா பூஞ்சை, கோவாஷ்ல பசை இருக்கு, காகிதச் சுமை, மரத்தூள், இதெல்லாம் அதுக்கு சாப்பாடு. காஞ்ச பிரஷால வெளிய வச்சு தட்டிட்டு, கேமராக்காரங்க வைக்கற ட்ரை கேபினட்ல போடுங்க, இல்ல மூடி டைட்டா இருக்கற டப்பால சிலிக்கா ஜெல். ரெண்டு வெள்ளிக் கடைல கிடைக்கற ஈரம் உறிஞ்சற டப்பால தண்ணி நிறையும், கவுத்துட்டா உப்புத் தண்ணி, வேகன் பக்கத்துல வைக்காதீங்க.

நம்பரே தெரியல

நிஜத்துல ஊழியர் நம்பரப் படிச்சாகணும், அதனால அங்க மட்டும் துடைச்சிருப்பாங்க, இல்ல புதுசா ஒரு கட்டம் அடிச்சு அதுல எழுதியிருப்பாங்க. தண்ணில மட்டும் நனைச்ச பட்ஸால நம்பர் மேல லேசா ஒரே இழுப்பு, அது துடைச்ச மாதிரியே இருக்கும்.

தனித்தனியா நல்லா இருக்கு, கோத்து ஓட்டுனா எல்லாம் ஒரே மாதிரி

ஒரே நாள்ல, ஒரே வாஷ்ல, வரிசையா பண்ணியிருக்கீங்க. அதுல ரெண்டு மூணு வேகன் பெயின்ட் ஷாப்லேந்து இப்பத்தான் வந்த மாதிரி கிட்டத்தட்ட சுத்தமா இருக்கட்டும், ஒண்ணே ஒண்ணு படுமோசமா இருக்கட்டும், மிச்சம் நடுத்தரம். படுமோசத்த ரெண்டாக்குனா அது கண்ண இழுக்கும்.

வெதரிங்குக்கு முன்னாடி ஓடுச்சு, இப்ப உருள மாட்டேங்குது

பவுடர் அச்சு முனை உக்கார்ற குழிக்குள்ள போயிருக்கும், இல்லன்னா க்ளியர் அங்க காஞ்சிருக்கும். சக்கரத்தக் கழட்டுங்க, கூர் சீவுன பல்குச்சியால குழியச் சுத்திச் சுரண்டி ஊதுங்க, எண்ணெய் விடாதீங்க, எண்ணெய் மிச்சப் பவுடரையும் பிடிச்சு களிம்பாக்கிடும். சக்கரத்து முகம் மந்தமா இருக்கலாம், ஆனா தண்டவாளத்துல உருள்ற பட்டை நிஜ வண்டிலயும் தேஞ்சு பளபளன்னுதான் இருக்கும், அதனால அங்க இருக்கற பெயின்ட்ட ஐபிஏ பட்ஸால முழுசா எடுங்க, இல்லன்னா அது டிராக்குக்கு இறங்கி இன்ஜின் திக்கும். வண்டியக் கோக்கற கப்ளர் ஒட்டிக்குதுன்னா அதுலயும் எண்ணெய் வேணாம், பென்சில் முனைய சீவி அந்த கிராஃபைட் பொடிய பிரஷால தட்டுங்க. அடுத்த தடவை ஸ்ப்ரே அடிக்கும்போது கப்ளரயும் அச்சுக் குழியையும் மாஸ்க்கிங் டேப் துண்டால மூடிடுங்க, அடிச்சு முடிச்சு பாக்ஸ்ல போடறதுக்கு முன்னாடி சரிவா வச்ச டிராக்ல ஒரு தடவை உருட்டிப் பாருங்க.